சின்ன வீட்டுக்கு எவ்வளவு காற்று?

தங்கச்சி ஸ்காபரோவில் தன் வீட்டுப் பின்வளவில் அம்மா அப்பாவுக்கென்று ஒரு குட்டி வீடு கட்டத் தொடங்கினாள். 640 சதுர அடி, ஒரே தளம், இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஹோலோடு சேர்ந்த குசினி. ரொறன்ரோ மாநகரசபை 2018இல் பின்சந்துப் பக்கம் பார்த்த வீடுகளுக்கும் 2022இல் பின்வளவு வீடுகளுக்கும் வழிவிட்டது. அதற்குப் பிறகு பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இப்படி யோசிக்கிற நம்மவர்கள் கொஞ்சப்பேர் உண்டு. தடித்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி யன்னல், சூடாக்கவும் குளிராக்கவும் ஒரு ஹீற் பம்ப் என்று பெரிய செலவுகள் எல்லாம் முடிவாகிவிட்டன. வரைபடத்தின் மூலையில் 'எச்.ஆர்.வி.' என்று எழுதிய சின்னப் பெட்டி ஒன்றுதான் மிச்சம்: வெளியே போகும் காற்றின் சூட்டில் ஒரு பங்கை மீட்டு, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் கருவி. அந்தப் பங்கைத்தான் சதவீதமாகப் போடுவார்கள். அதற்கு இரண்டு விலை வந்திருந்தது.

"அண்ணா, ஒண்டு 75 சதவீதம் எண்டு போட்டிருக்கு, மற்றது 84. ஆயிரம் டொலர் வித்தியாசம். எதை எடுக்கிறது?"

மலிவானதை எடு என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். பதிலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் இரவில் நன்றாக மூச்சுவிட முடியுமா, யன்னல் வியர்க்குமா, மிளகாய் வறுத்தால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் அந்த இரண்டு எண்ணும் சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கருவிகளைப் பற்றிக் கடையிலும் உறவினர் வீட்டிலும் கிடைக்கும் புத்திமதி எல்லாம் 2,400 சதுர அடி வீடுகளில் பிறந்தது. 640 சதுர அடிக்கு அதில் பாதி பொருந்தாது. சில இடங்களில் தலைகீழாகவே வரும்.

முதலில் ஏன் இந்தப் பெட்டி என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீட்டில் யாரும் காற்றுக்குக் கணக்குப் பார்த்ததில்லை. ஓட்டு இடுக்கு, முற்றம், நாள் முழுக்கத் திறந்த யன்னல். வெளிக்காற்றும் உள்காற்றும் ஏறத்தாழ ஒரே சூடு என்பதால் எவ்வளவு போய் வந்தாலும் காசு போகாது. கனடாவின் பழைய வீடுகளிலும் காற்றுத் தானாகத்தான் வந்தது, ஆனால் காசோடு. குளிர்காலத்தில் வீடே ஒரு புகைபோக்கி மாதிரி: சூட்டுக்காற்று மேலே ஏறிக் கூரை இடுக்குகளால் வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழே அத்திவாரப் பக்கத்தால் குளிர்காற்றுப் புகும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை யன்னலை யாரும் தொடுவதில்லை. வீடு ஒழுகியதால்தான் ஆட்கள் மூச்சுவிட்டார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த ஒழுக்கை அடைக்கும் வேலை மும்முரமானது. 1977இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 'சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்' என்ற மாதிரி வீட்டைக் கட்டினார்கள். ஹரல்ட் ஓர் போன்ற ஆய்வாளர்கள் அதில் காற்றுப் புகாத இறுக்கத்தையே முக்கியமாக்கினார்கள். இறுக்கியதும் அடுத்த கேள்வி வந்தது: உள்ளே இருப்பவர்கள் எதைச் சுவாசிப்பது? அதற்காகப் பிளாஸ்டிக் தாள்களை அடுக்கிச் செய்த ஒரு வெப்பமாற்றியை வீட்டுக்குள் வைத்தார்கள். தாளின் ஒரு பக்கத்தால் பழைய சூட்டுக்காற்று வெளியே போகும், மறுபக்கத்தால் புதிய குளிர்காற்று உள்ளே வரும். காற்று கலக்காது, சூடு மட்டும் கைமாறும். இன்றைய எச்.ஆர்.வி. இதன் பேரப்பிள்ளைதான்: இரண்டு மின்விசிறி, நடுவில் 'கோர்' என்று சொல்லும் அடுக்கு, நாலு குழாய். 1982இல் சக்திச் சிக்கன வீடுகளுக்கான கனடாவின் ஆர்-2000 திட்டம் வந்தது. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸ், அதாவது மிகக் குறைந்த சக்தியில் சூடாகும் வீடு, வந்தது. இரண்டிலும் இறுக்கமும் இயந்திரக் காற்றோட்டமும் சோடியாகவே போயின. ஒன்ராறியோவில் 2017இலிருந்து புதுவீட்டுச் சக்திச் சிக்கன விதிகளின் வழக்கமான பாதைகளிலெல்லாம் இந்த வகைக் கருவி இருக்கிறது. ஆக, வேண்டுமா வேண்டாமா என்று தங்கச்சி யோசிக்க இடமில்லை. எது, எப்படி என்பதுதான் அவள் கையில்.

சுவரில் தொங்கும் ஹீற் பம்ப்போ ஏசியோ புதுக்காற்றுத் தருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அறைக்காற்றையே உறிஞ்சிச் சூடாக்கியோ குளிராக்கியோ அதே அறைக்குள் விடுகிறது, அவ்வளவுதான். "ஏசி ஓடுதே, காற்று வருதே" என்று படித்தவர்களும் சொல்வார்கள்.

சரி, 75ஆ 84ஆ? இந்த வீட்டுக்குத் தேவையான புதுக்காற்று வினாடிக்கு சுமார் 20 லீற்றர். அது எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். அவ்வளவு காற்றைச் சூடாக்க, வெளியே ஒவ்வொரு பாகை குளிருக்கும் 24 வாற் வேண்டும். வெளியே சைபருக்குக் கீழே 20, உள்ளே 21 என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோவாற். குளிர்காலம் முழுவதையும் கூட்டினால் ரொறன்ரோவில் சுமார் 2,000 அலகு வெப்பம். 75 சதவீதக் கருவி அதில் 1,500ஐ மீட்டுத்தரும். 84 சதவீதக் கருவி 1,680ஐ. வித்தியாசம் 180 அலகு வெப்பம். ஹீற் பம்ப் ஓர் அலகு மின்சாரத்தில் இரண்டரை அலகு வெப்பம் தருகிறது என்று வைத்தால், மின்சாரக் கணக்கில் அது வருடத்துக்கு 72 அலகு. பத்து டொலர் சொச்சம். ஆயிரம் டொலரைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ நூறு வருடம்.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தால் சங்கடமான ஓர் உண்மையும் வெளிவரும். மீட்கும் 1,500 அலகு வெப்பமே மின்சாரத்தில் 600 அலகுதான். கருவியின் விசிறிகள் 35 வாற்றில் வருடம் முழுக்க ஓடினால் 300 அலகு தின்னும். ஹீற் பம்ப் வைத்த சின்ன வீட்டில் எச்.ஆர்.வி. காசை மிச்சம் பிடிக்கும் என்று விற்பவர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வரலாம். அதை வைப்பதற்குக் காரணம் வேறு: எவ்வளவு காற்று, எந்த வழியால், எந்த அறைக்குள், எந்த வடிகட்டியைத் தாண்டி வருகிறது என்பது நம் கையில் இருக்கும்.

84க்கு ஒரு நியாயமும் உண்டு, மறைக்கக்கூடாது. வெளியே சைபருக்குக் கீழே 15 என்றால், 75 சதவீதக் கருவியிலிருந்து அறைக்குள் விழும் காற்று 12 பாகையில் இருக்கும். 84இல் 15 பாகை. கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே அந்தக் காற்றுவாய் இருந்தால் அம்மா அதை ஒரு பழைய சாரத்துண்டால் அடைத்துவிடுவார். வாயைக் கட்டிலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், கூரையோரமாக வைத்தால் இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் தீரும். செலவும் இல்லை.

அத்தோடு, அந்தச் சதவீதம் எந்தச் சதவீதம் என்று கேட்க வேண்டும். சோதனை அட்டவணையில் ஒரே கருவிக்கு இரண்டு விதமான எண் இருக்கும். ஒன்று மோட்டாரின் சூட்டையும் கசிவையும் கழித்த எண். மற்றது அதையெல்லாம் கழிக்காத, பார்க்க அழகான எண். விளம்பரத்தில் எது ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. சோதனையும் சைபர் பாகையில் ஒன்று, சைபருக்குக் கீழே 25இல் ஒன்று என்று நடக்கும். இரண்டு விலையையும் ஒப்பிட வேண்டுமானால் கழித்த எண்ணை, ஒரே வெப்பநிலையில், உங்கள் வீட்டுக்கு வேண்டிய காற்றளவுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். தங்கச்சிக்கு வந்த 84 கழிக்காத எண். கழித்தால் 77.

இனி அந்த 20 லீற்றர். அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியியலாளர் சங்கம் வீட்டுக் காற்றோட்டத்துக்கு வைத்திருக்கும் 62.2 தரநிலையில் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. சதுர அடியை 0.03ஆல் பெருக்குங்கள். படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 7.5ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று வரும். 640க்கு 19.2, இரண்டு படுக்கையறைக்கு 22.5, மொத்தம் 42 கன அடி. அதாவது வினாடிக்கு 20 லீற்றர். கனடிய விதிகள் படுக்கையறை எண்ணிக்கையிலிருந்து போகின்றன, விடை பெரிதாக விலகாது.

அதே சூத்திரத்தைத் தங்கச்சியின் பெரிய வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 2,400 சதுர அடி, நாலு படுக்கையறை: நிமிடத்துக்கு 110 கன அடி. வீடு கிட்டத்தட்ட நாலு மடங்கு பெரிது, காற்றோ இரண்டரை மடங்குதான். பெரிய வீட்டின் காற்று முழுதாக மாற ஏறத்தாழ மூன்று மணி நேரம், குட்டி வீட்டில் இரண்டே மணி நேரம். மூச்சுவிடுவது சுவர் இல்லையே, ஆட்கள்தானே. வீடு சுருங்கினாலும் ஆட்கள் சுருங்குவதில்லை. "சின்ன வீடுதானே, ஒரு குளியலறை ஃபான் போதும்" என்பது இந்த இடத்தில்தான் சறுக்கும்.

இப்போது அம்மா அப்பாவின் அறைக்குள் போவோம், ஏனென்றால் முழுத் தீர்மானமும் அந்த அறையில்தான் கிடக்கிறது. பத்துக்குப் பதினொரு அடி, எட்டடி உயரம்: 880 கன அடி, 25 கன மீற்றர். தூங்கும்போது ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று லீற்றர் கரியமில வாயுவை விடுகிறார். இருவருக்கும் 25 லீற்றர். 25 கன மீற்றர் அறைக்குள் மணிக்கு 25 லீற்றர் என்றால், கதவையும் யன்னலையும் இறுக மூடிய நிலையில் ஒவ்வொரு மணிக்கும் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு ஏறும். வெளிக்காற்றில் இருப்பதே 420தான். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கே மூவாயிரத்தைத் தாண்டலாம். அது விஷமில்லை. ஆனால் காலையில் தலை கனக்கும், அறை நாறும், "ராத்திரி நித்திரையே இல்லை" என்ற முறைப்பாடு வரும். அந்த வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ, அதே அளவுக்கு மூச்சின் ஈரமும் வாடையும் சேர்ந்திருக்கும். அதனால்தான் அதை ஓர் அளவுகோலாகப் பிடிக்கிறார்கள்.

ஆயிரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் அந்த ஓர் அறைக்கு வினாடிக்கு 12 லீற்றர் புதுக்காற்று வேண்டும். மொத்த வீட்டுக்கும் 20, அதில் 12 இந்த ஓர் அறைக்கு! மற்ற அறை சனி ஞாயிறில் பேரப்பிள்ளைகள் வந்து படுக்கும் அறை, அதற்கு 5 போதும். மிச்சம் 3 ஹோலுக்கு. ஒப்பந்தக்காரரின் வரைபடத்தில் மூன்று வாயும் சமம், ஆளுக்கு ஏழு லீற்றர். பெரிய வீட்டில் அப்படிப் பிரித்தால் யாருக்கும் தெரியாது. சின்ன வீட்டில் ஒவ்வோர் இரவும் தெரியும்.

பிரித்த காற்று திரும்பும் வழியும் வேண்டும். படுக்கையறைக்குள் விட்டு, கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியால் ஹோலுக்குக் கொண்டுவந்து, குளியலறையிலும் குசினிப் பக்கத்திலும் உறிஞ்சி வெளியே அனுப்புவதுதான் ஒழுங்கு. கதவுக்கடியில் முக்கால் அங்குலம் விட வேண்டும். நிலம் போடுகிறவர் மொத்தமான கார்ப்பெற்றைப் போட்டு அந்த முக்கால் அங்குலத்தை விழுங்கிவிட்டால், ஆயிரக்கணக்கான டொலர் கருவி சுவரோடு மல்லுக்கட்டும்.

வேறு வழிகளையும் பார்த்தோம். குளியலறை ஃபானை நாள் முழுக்க ஓடவிட்டு, புதுக்காற்றைச் சுவர் ஓட்டைகளால் வரவிடுவது மிக மலிவு. ஆனால் உறிஞ்ச மட்டும் தெரிந்த வீடு எங்கிருந்து கிடைத்தாலும் இழுக்கும், நிலத்தடியிலிருந்தும் இழுக்கும். மண்ணிலிருந்து வரும் ரேடன் வாயுவுக்குக் கனடிய சுகாதாரத் திணைக்களம் ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல் என்று எல்லை வைத்திருக்கும் நாட்டில், அதை அழைத்துவருகிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை.

சோடியாகச் சுவரில் பொருத்துகிற குழாயில்லாக் கருவிகள் இன்னொரு வகை. சுவருக்குள் ஒரு பீங்கான் உருளை. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட வெளியே ஊதும், உருளை சூடாகும். அப்புறம் திசை மாறி உள்ளே இழுக்கும், அந்தச் சூடு திரும்பி வரும். சோடியில் மற்றது அதற்கு நேரெதிராக ஊதும். அழகான யோசனை. பழைய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு, குழாய் போட இடமே இல்லாதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு விசிறி, காற்றடிக்கும் நாளில் தடுமாறும் சமநிலை, குளியலறைக்குத் தனியாக இன்னொரு ஃபான் என்று பார்த்தால், சுவரும் கூரையும் இன்னும் திறந்து கிடக்கிற புதுவீட்டில் அதற்கு அவசியமில்லை. குழாய் போட இதைவிட நல்ல நேரம் வராது.

குழாயிலும் ஒரு பெரிய வீட்டுப் பழக்கம் இருக்கிறது. ஃபேர்னஸ், அதாவது காற்றைச் சூடாக்கிக் குழாய்களால் வீடு முழுக்க அனுப்பும் கருவி, இருக்கும் வீடுகளில் எச்.ஆர்.வி.யை அதன் திரும்பு குழாயிலேயே இணைத்துவிடுவார்கள். ஃபேர்னஸின் பெரிய விசிறி ஓடினால்தான் புதுக்காற்று அறைகளுக்குப் போகும். தங்கச்சி வீட்டில் ஃபேர்னஸே இல்லை. தனிக்குழாய்தான், அது நல்லதும்கூட. 640 சதுர அடியில் எந்த அறையும் கருவியிலிருந்து இருபத்தைந்து அடியைத் தாண்டாது.

அடுத்தது ஈரம். கடைக்காரர், மச்சான், வேலையிடத்து நண்பர் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னது: "எச்.ஆர்.வி. எடுக்காதீங்கோ, ஈ.ஆர்.வி. எடுங்கோ. வீடு காயாது." ஈ.ஆர்.வி.யின் கோர் ஒரு வகை மென்சவ்வு. சூட்டோடு நீராவியிலும் ஒரு பங்கை, சுமார் பாதியை, உள்வரும் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். குளிர்காலத்தில் மூக்கு வறண்டு உதடு வெடிக்கும் வீடுகளுக்கு அது வரம். அந்த மூன்று பேரும் அப்படியான வீடுகளில் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. வெளியே சைபருக்குக் கீழே 10 என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் நீர் இரண்டு கிராம்தான். 21 பாகையில் காற்று 18 கிராம் வரை தாங்கும். இரண்டு முதியவர்கள் மூச்சு, சமையல், குளிப்பு என்று நாளுக்கு 6 லீற்றர் நீரைக் காற்றில் விடுகிறார்கள் என்று வையுங்கள். 2,400 சதுர அடி வீட்டில், அதன் காற்றோட்டத்தில், எச்.ஆர்.வி.யோடு ஈரப்பதம் 18 சதவீதம். வீடு காய்ந்துபோகும். ஈ.ஆர்.வி. வைத்தால் 26. அதே இருவர், அதே 6 லீற்றர், 640 சதுர அடிக்கு வந்தால் எச்.ஆர்.வி.யிலேயே 30. குளிர்காலத்துக்குப் போதும். ஈ.ஆர்.வி. வைத்தால் 50, யன்னலின் கீழ்விளிம்பு நனையத் தொடங்கும் இடம். சனிக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்து, புட்டும் அவித்து, எல்லோரும் தலைக்குக் குளித்து 10 லீற்றர் ஆனால் எச்.ஆர்.வி.யில் 43. ஈ.ஆர்.வி.யில் 75 வரை ஏறப் பார்க்கும். அதற்கு முன்பே யன்னல்கள் அழுதுவிடும், சட்டத்தின் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் வரும்.

கோடையில் நிலைமை மறுபக்கம். ரொறன்ரோவின் ஜூலைப் புழுக்கத்தில் ஈ.ஆர்.வி. வெளி ஈரத்தில் ஒரு பங்கைத் தடுக்கும். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வினாடிக்கு 20 லீற்றர் கொண்டுவரும் ஈரத்தை ஹீற் பம்ப் உலர்த்திவிடும். பனிக்கால யன்னலை உலர்த்த ஆளில்லை. பல மொடல்களில் கோரை மட்டும் பிறகு மாற்றலாம், அப்படியான ஒன்றை எடுக்கச் சொன்னேன். ஒருநாள் அந்த வீட்டில் ஒருவர் மட்டும் தனியே இருக்க நேர்ந்தால் கணக்கு மறுபடி புரளும்.

குசினிக்கு எச்.ஆர்.வி. பொறுப்பில்லை. அதன் உறிஞ்சுவாயை அடுப்புக்கு மேலே வைத்தால் எண்ணெய்ப் பிசுக்குக் கோருக்குள் போய் அப்பிக்கொள்ளும். அடுப்புக்குத் தனி ஹூட் வேண்டும். இங்கேதான் நம் சமையலும் இறுக்கமான வீடும் முட்டிக்கொள்கின்றன. தங்கச்சிக்குப் பிடித்த ஹூட்டில் நிமிடத்துக்கு 300 கன அடி என்று எழுதியிருந்தது. வீட்டின் இறுக்க இலக்கு, வாசலில் பெரிய விசிறி வைத்துக் கசிவை அளக்கும் புளோவர் டோர் சோதனையில் 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு ஒரு தரம் காற்று மாறுவது. பாசிவ் ஹவுஸுக்கு அது 0.6. இந்த வீட்டின் 5,120 கன அடிக்கு ஒரு தரம் என்றால், 50 பாஸ்கலில் இழுத்தாலும் இடுக்குகளால் நிமிடத்துக்கு வெறும் 85 கன அடிதான் வரும். 300ஐ அந்த ஹூட் எங்கிருந்து எடுக்கும்? எச்.ஆர்.வி. குழாய்களைத் தலைகீழாக இழுக்கும், மண்ணிலிருந்து இழுக்கும், சத்தம் போடும், புகை போகாது. வீட்டில் புகைபோக்கி வைத்த எரிவாயுக் கருவி இருந்தால் ஐந்து பாஸ்கலே அதன் புகையை உள்ளே திருப்பப் போதும். அதனால் எரிவாயுவே வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பு என்று முடிவானது. அம்மாவுக்கு அதில் இன்னும் மனக்குறை உண்டு.

ஹூட் 150 கன அடி அளவில், அகலமாக, அடுப்பின் பின்வரிசையையும் மூடுகிற மாதிரி இருந்தால் தாளிதத்துக்குப் போதும். ஆனால் 150உம் அந்த 85ஐத் தாண்டுகிறது. ஆகவே ஹூட்டை முழு வேகத்தில் ஓடவிடும்போது, மிளகாய் வறுக்கும் நாளிலும் பொரிக்கும் நாளிலும், குசினி யன்னலை இரண்டு அங்குலம் திறக்க வேண்டியதுதான். பத்து நிமிடம் யன்னல் திறந்தால் சக்திச் சிக்கன வீடு கோபித்துக்கொள்ளாது. ஹூட் ஓடும்போது தானாகத் திறக்கும் ஈடுகாற்று வாயும் உண்டு, ஆனால் அதற்குக் குழாயும் சூடாக்கியும் வேண்டும். பெரிய ஹூட் ஆசையை விட்டவர்களுக்கு அது தேவைப்படாது.

மிச்ச விஷயங்கள் சின்னவை, ஆனால் அவற்றில்தான் பலருக்குக் கருவி வெறுத்துப்போகிறது. சத்தம் முதலாவது. அப்பாவுக்கு இரவில் 'ம்ம்ம்' என்று ஏதாவது கேட்டால் எழும்பிப்போய் நிறுத்திவிடுவார். நிறுத்திய எச்.ஆர்.வி. வெறும் பெட்டி. வேண்டிய 20 லீற்றரை முழு வேகத்தில் முக்கித் தருகிற கருவியை விட, 40 தரக்கூடியதை அரை வேகத்தில் ஓடவிடுவது நல்லது. சத்தமும் மின்சாரமும் குறையும், குளிக்கும் நேரத்தில் வேகம் கூட்டவும் இடமிருக்கும். கருவிக்கும் படுக்கையறைக் குழாய்க்கும் நடுவே ஒரு மீற்றர் நீளச் சத்தந்தணிப்பானும் போட வேண்டும். பாசிவ் ஹவுஸ்காரர்கள் படுக்கையறைக்கு 25 டெசிபல் என்று வைத்திருப்பது காரணத்தோடுதான்.

கருவியைக் கூரைக்குள் வைக்க ஒப்பந்தக்காரர் விரும்பினார், இடம் மிச்சம் என்றார். எழுபத்தைந்து வயது ஆள் வடிகட்டி கழுவ ஏணி ஏற மாட்டார், ஏறவும் கூடாது. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே, நின்றபடி கையெட்டும் உயரத்தில் இடம் பிடித்தோம். கோரில் வடியும் நீருக்குக் குழாயும் அங்கேயே கிடைத்தது. வெளியிலிருந்து வருகிற, வெளியே போகிற இரண்டு குழாய்களுக்கும் காப்புப் போர்வையும் அதன்மேல் ஈரம் புகாத உறையும் இடைவெளியில்லாமல் வேண்டும். சைபருக்குக் கீழே 15இல் உள்ள காற்று சூடான அறைக்குள்ளே குழாயில் வருகிறது. ஒரு முழம் மூடாமல் விட்டாலும் குழாய் வியர்த்துச் சொட்டும், ஆட்கள் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார்கள்.

வெளிச்சுவரில் உள்ளிழுக்கும் வாய்க்கும் வெளியேற்றும் வாய்க்கும் நடுவே ஆறடி, நிலத்திலிருந்து ஒன்றரை அடி. பனி குவியும் மூலையென்றால் இன்னும் உயரம். சந்தில் கார் நிறுத்தும் பக்கமும் உடுப்புக் காயவைக்கும் மெஷினின் வாய்ப் பக்கமும் ஆகாது. கடுங்குளிரில் கோருக்குள் உறைபனி பிடிக்கும். அப்போது பல கருவிகள் வெளிக்காற்றைச் சில நிமிடம் மூடி, வீட்டுக்காற்றையே சுற்றவிட்டு உருக்கும். அந்த நிமிடங்களில் குளியலறைக் காற்றும் சேர்ந்து சுற்றும் என்பதைப் பிரசுரங்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

வடிகட்டி பற்றி முன்பு யாரும் கேட்பதில்லை. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடிய பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். கருவியோடு வரும் மெல்லிய வடி இலையானையும் பஞ்சையும்தான் பிடிக்கும். புகைத்துகளுக்கு, வடிகட்டி எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்று சொல்லும் மேர்வ் அளவில் 13ஆம் தரம் வேண்டும். அது காற்றை மறிக்கும், ஆகவே அதைப் போட்ட நிலையிலேயே காற்றளவைச் சரிபார்க்க வேண்டும். புகை மிக மோசமான சில மணி நேரத்துக்குக் கருவியை நிறுத்திவைக்கலாம். சமநிலைக் காற்றோட்டத்தில் அப்படி நிறுத்துகிற வசதி இருக்கிறது.

கடைசியில் 75ஐத்தான் எடுத்தோம். மிஞ்சிய ஆயிரம் டொலரில் ஒரு பகுதி சத்தந்தணிப்பானுக்குப் போனது. மிச்சம், வேலை முடிந்ததும் ஒவ்வொரு வாயிலும் காற்றளவு பார்த்துச் சமன்செய்ய வந்த ஒருவருக்குப் போனது. ஒப்பந்தக்காரர் அது தேவையில்லை என்றார், ஓடுகிறதே என்றார்.

அம்மா அப்பா குடிபோன முதல் வாரம் அவர்கள் அறையில் கரியமில வாயுவை அளக்கும் ஒரு சின்ன அளவுமானியை வைத்தேன். காலை ஐந்தரைக்கு 1,380. சமன்செய்பவர் வந்து வாயில் கருவியைப் பிடித்தார்: 7 லீற்றர். வரைபடத்தில் 12 என்று திருத்தி எழுதியதை யாரும் பார்க்கவில்லை, மூன்று வாயும் சமமாகவே திறந்து கிடந்தன. ஹோல் குழாயின் தடுப்புத் தகட்டை முக்கால்வாசி மூடி, சின்ன அறையைக் கொஞ்சம் குறைத்து, கால் மணி நேரத்தில் முடித்தார். மறுநாள் காலை 990. அப்பா அந்த எண்ணை வடிகட்டி மூடியின் உள்பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார். கீழே அடுத்த முறை கழுவ வேண்டிய நாளும் இருக்கிறது.